வீட்டு விளக்கும் பாசறை விளக்கும்



இன்றைய உரைக்கு என் மாணவன் ஒருவன் கேட்ட வினாவையே முதலாகக் கொள்கிறேன்.

2025ஆம் ஆண்டு யூன் மாதம் 23ஆம் திகதி, திங்கட்கிழமை. இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் இடையே போர் மூண்டு பத்து நாட்கள் கடந்திருந்தன. உயர்தர வகுப்பில் அகம், புறம் என்னும் பாகுபாட்டை விளக்குவதற்காக நெடுநல்வாடையை எடுத்துக்கொண்டேன். குளிர்காலத்தில் எவரும் தொடாது முளையிலே தொங்கவிட்ட விசிறியில் சிலந்தி நூல் பின்னியிருப்பதை நக்கீரர் காட்டும் இடத்துக்கு வந்தபோது, கடைசி வாங்கிலில் இருந்த ஒருவன் எழுந்தான்.

"சேர், உலகம் எரிஞ்சுகொண்டிருக்கு. நாங்கள் விசிறியிலை சிலந்தி கட்டினதைப் படிச்சுக்கொண்டிருக்கிறம். இதாலை என்ன பிரயோசனம்?"

வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "இலக்கியம் காலத்தைக் கடந்தது" என்று ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் விடையொன்றைச் சொல்லி அவனை இருத்திவிட்டேன்.

அன்றிரவு, கட்டாரிலுள்ள அல் உதெய்த் விமானத்தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளை ஏவியது என்ற செய்தி வந்தது. மறுநாள் அவன் பாடசாலைக்கு வரவில்லை. அவனுடைய தந்தையார் கட்டாரிலே சாரதியாகத் தொழில் புரிகிறார் என்பதைப் பக்கத்தில் இருந்த மாணவன் சொல்லித்தான் அறிந்தேன். உலகம் எரிகிறது என்று அவன் சொன்னது பத்திரிகைத் தலைப்பை அன்று, தன் வீட்டைத்தான். அவனுக்கு நான் கொடுத்தது விடையே அன்று என்ற உறுத்தலோடு, அன்று மாலை நெடுநல்வாடையை மீண்டும் விரித்தேன்.

நேயர்களே, பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை 188 அடிகளைக் கொண்டது. பாண்டியன் நெடுஞ்செழியனைத் தலைவனாகக் கொண்டு பாடப்பெற்றது என்பர். போர்ப் பின்னணியிலே எழுந்த பாட்டு. ஆயினும் போர்க்களத்திலே அது தொடங்கவில்லை. மழையிலே தொடங்குகிறது. வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டு நிலத்துக்கு மாடுகளை ஓட்டிச் சென்ற ஆயர் நெருப்பிலே கை காய்ச்சுகிறார்கள். வானம் இருண்டு கிடப்பதால் பொழுது தெரியாத பெண்கள், பிச்சி அரும்பு மலரும் மணத்தைக் கொண்டு மாலை வந்ததை அறிந்து, விளக்கேற்றி நெல்லும் மலரும் தூவித் தொழுகிறார்கள். புறாக்கள் இரை தேடப் போகாமல் கால் மாற்றி நிற்கின்றன. சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கிறது. குளிர்ந்த நீரை எவரும் பருகுவதில்லை. ஆடல் மகளிர் தளர்ந்த யாழ் நரம்பைத் தம் மார்பின் வெம்மையிலே தடவி முறுக்கேற்றுகிறார்கள். என் மாணவன் கேட்ட அந்த விசிறியும் சிலந்தியும் இந்த வரிசையிலேதான் வருகின்றன.

பின்னர் புலவர் நம்மை அரண்மனைக்குள்ளே அழைத்துச் செல்கிறார். அங்கே யானைத் தந்தத்தாற் செய்த கட்டிலில் அரசி படுத்திருக்கிறாள். பொன் வளை கிடந்த கையிலே அதன் தழும்பு இருக்கிறது. இப்போது அணிந்திருப்பது சங்கு வளை. மேற்கட்டியிலே திங்களோடு சேர்ந்திருக்கும் உரோகிணியின் ஓவியம். அதைப் பார்த்துப் பெருமூச்செறிந்து, கடைக்கண்ணில் வந்த நீரை விரலாலே தெறித்துவிடுகிறாள். செவிலியர் தேற்றுகின்றனர், அவள் தேறவில்லை.

அதன் பின்பே பாசறை வருகிறது. நள்ளிரவு. அங்கேயும் அதே வாடைதான் வீசுகிறது. விளக்குச் சுடர்கள் தெற்கு நோக்கிச் சாய்கின்றன. குதிரைகள் தம்மேல் விழும் தூறலை உதறுகின்றன. அரசன் உறங்கவில்லை. நழுவிய மேலாடையை இடக்கையால் அணைத்து, வலக்கையை இளைய வீரன் ஒருவனின் தோளிலே வைத்தபடி, புண்பட்ட வீரர்களைக் காண்பதற்காகச் சிலரோடு சேற்றிலே நடந்து திரிகிறான்.

இத்தனை நுட்பமான பிரிவுத் துயரைப் பாடிய பாட்டை அகம் என்று சொல்லாமல் புறம் என்று ஏன் கொண்டனர்? முன்னே செல்லும் வேலின் தலையிலே வேப்பந்தார் கட்டியிருப்பதாகப் பாட்டிலே வருகிறது. வேம்பு பாண்டியனுக்குரிய அடையாளப் பூ. அகப்பாட்டிலே தலைவனின் பெயரைச் சுட்டுதல் ஆகாது. அடையாளப் பூ அவனை இன்னான் என்று காட்டிவிட்டமையால் பாட்டுப் புறமாயிற்று என்பது உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் கருத்து. வேப்பந்தாரை எடுத்துவிட்டால் அது எந்த வீட்டிலும் காத்திருக்கும் எந்தப் பெண்ணின் கதையுமாகும். அகத்துக்கும் புறத்துக்கும் நடுவே இருப்பது ஒரு பூமாலையின் தூரந்தான்.

இவ்விடத்தில் என் தந்தையாரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1990 முதல் மின்சாரமின்றி இருந்த யாழ்ப்பாணத்திலே வளர்ந்தவன் நான். ஜாம் போத்தல் விளக்கிலே படித்தோம். பற்றறிக்குத் தடை இருந்தபடியால், இரவிலே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் கையால் மிதியைச் சுழற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்னிலே அப்பா தமிழோசைச் செய்தி கேட்பார். சுற்றுவது தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். "சுத்தடா தம்பி" என்பார். செய்தி முடிந்ததும் ஒரு கொப்பியை எடுத்து எழுதுவார். பொஸ்னியாவிலே குண்டு வீழ்ந்ததும், எங்கள் முருங்கை பூத்ததும், பசு கன்று ஈன்றதும் ஒரே பக்கத்தில் இருக்கும். சனங்கள் சாகும்போது முருங்கையை எழுதுகிறாரே என்று எனக்கு அந்த வயதிலே கோபம் வரும். என் மாணவனின் வினாவை அவனுக்கு முன்பே நான் கேட்டிருக்கிறேன், மனதுக்குள்ளே மட்டும்.

இவ்வாறு எழுதுவது தமிழருக்குப் புதிதன்று. 1736ஆம் ஆண்டு முதல் புதுச்சேரியிலே நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப்பிள்ளையும், 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னைப் பட்டினத்தைப் பிடித்த செய்தியோடு கப்பல் வரவையும் கலியாணங்களையும் சகுனங்களையும் சேர்த்தே எழுதிவைத்தார். எனினும் இதை அப்போது நான் அறியேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனங்களோடு நாங்களும் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தோம். எனக்கு அப்போது வயது பதின்மூன்று. அப்பா கொண்டுவந்த பையிலே அந்தக் கொப்பியும் இருந்தது. அவர் காலமான பின்பே அதை முழுமையாகப் படித்தேன். அந்த நாளுக்குரிய பக்கத்தில் இரண்டே வரிகள்: "மாட்டை அவிழ்த்துவிட்டேன். அவ விளக்கு வைத்த பிறகு புறப்பட்டோம்."

அன்று எத்தனை பேர் நடந்தார்கள், எத்தனை மணித்தியாலம் பாலத்தடியில் நின்றார்கள் என்பதை வரலாற்று நூல்கள் சொல்லும். திரும்பி வருவோமோ என்று தெரியாத வீட்டிலே என் அம்மா அன்றும் சாமி விளக்கை ஏற்றினார் என்பதை அந்தக் கொப்பி மட்டுந்தான் சொல்லும். இழந்தது எது என்று எனக்குத் தெரிய வைத்தது அந்த வரிதான்.

புதன்கிழமை என் மாணவன் வந்தான். பாடவேளை முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு, "அப்பா எப்பிடி?" என்றேன்.

"சுகம் சேர். அம்மா இரா முழுக்க நித்திரை கொள்ளேல்லை. விடிய நாலரைக்குத்தான் அப்பா கதைச்சவர். அவர் வைச்ச உடனை அம்மா எழும்பி முற்றம் கூட்டப் போட்டா. அந்த இருட்டுக்கை ஏன் கூட்டினவ எண்டு எனக்கு விளங்கேல்லை."

"நாளைக்கு அதை எழுதிக்கொண்டு வா" என்றேன். ஒரு பக்கம் எழுதி வந்தான். எழுத்துப் பிழைகள் இருந்தன. ஏவுகணையைப் பற்றி ஒரு வரியும், விளக்குமாற்றின் சத்தத்தைப் பற்றிப் பல வரிகளும் இருந்தன. பிழைகளைத் திருத்தினேன், வரிகளிலே கை வைக்கவில்லை.

நேயர்களே, கலங்க வைக்கும் செய்திகள் இன்று சட்டைப்பையிலுள்ள தொலைபேசியிலே நொடிக்கு நொடி வருகின்றன. அவற்றுக்கிடையே மல்லிகைக்குத் தண்ணீர் விடுவதும், பழைய பாட்டொன்றை வாசிப்பதும் குற்றமோ என்று நம்மிற் பலர் கூசுகிறோம். கூச்சம் நல்லதே. சன்னலைச் சாத்திக்கொண்டு தன் வீட்டு விளக்கை மாத்திரம் பார்த்திருப்பவர் நெடுநல்வாடையிலே பாதியைத்தான் படித்தவர். பாசறையை மாத்திரம் பார்த்துக்கொண்டு, அது எந்த வீட்டின் கட்டிலை வெறுமையாக்கியது என்று எண்ணாதவரும் பாதியைத்தான் படித்தவர். நக்கீரர் இரண்டு விளக்கையும் ஒரே காற்றிலே வைத்தார்.

அந்தச் சிலந்தி நூலினால் என்ன பிரயோசனம் என்று இனி ஒரு மாணவன் கேட்டால், அவனை நான் இருத்தமாட்டேன். "உன்ரை வீட்டிலை இண்டைக்கு ஆர் விளக்கு வைச்சது?" என்று கேட்பேன்.