தளபதி முத்துக்குமாருவும் நமது நினைவுக் கடமையும்

(அளவெட்டியில் ஆற்றிய உரை)



தவில் மேதை தட்சிணாமூர்த்தியாலும் கவிஞர் மஹாகவியாலும் புகழ்பெற்றது இவ்வூர். கலைஞனை நினைவுகூர்தல் நமக்கு எளிது. பட்டாளத்தானை நினைவுகூர்தல் எளிதன்று. ஆயினும் இன்று மேஜர் ஜெனரல் அன்ரன் முத்துக்குமாருவைப் பற்றியே பேச விழைகின்றோம்.

1908ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்த தமிழர் அவர். ஒக்ஸ்போர்டிற் கற்று, பாரிஸ்டராகித் திரும்பியவர். அப்புக்காத்துத் தொழிலிற் பொருளீட்டியிருக்கலாம். எனினும் படைச் சேவையையே வாழ்வாகக் கொண்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946இல் இலண்டன் வெற்றி அணிவகுப்பில் இலங்கைப் பிரிவை நடத்திச் சென்றார். 1955 பெப்ரவரியில் இலங்கைத் தரைப்படையின் தளபதியானார். அப்பதவியை ஏற்ற முதல் இலங்கையர் அவரே. அவர் தமிழர் என்பதை இன்றைய இளைஞருட் பலர் அறியார்.

பெருமை கொள்ளலாம், ஆனால் பெருமையோடு நின்றுவிடலாகாது. அவர் தளபதியாயிருந்த காலத்திலேயே, 1956இல், தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிற்று. 1958இல் தமிழர் வீடிழந்து, கப்பலேறி வடக்கே வந்திறங்கினர். படையின் உச்சியிலே ஒரு தமிழர். வீதியிலோ அடியுண்ட தமிழர்! இஃது அவர் குற்றமன்று. படை அரசின் ஆணைக்குக் கட்டுப்பட்டது. அரசோ வாக்குக்குக் கட்டுப்பட்டது. ஒருவருக்குக் கிடைக்கும் உயர்பதவி ஓர் இனத்துக்குக் கிடைக்கும் உரிமையாகாது என்பதே இவ்வரலாறு நமக்குப் புகட்டும் பாடம். இன்றும் ஓர் அமைச்சர் பதவியைக் காட்டி நம்மை அமைதிப்படுத்த முனைவோருக்கு இதுவே நமது மறுமொழி.

1959 முடிவில் அவர் ஓய்வு பெற்றார். பின்னர் பாகிஸ்தான், அவுஸ்திரேலியா, எகிப்து முதலிய நாடுகளில் இலங்கையின் தூதுவராகப் பணிபுரிந்தார். இந்நாட்டின் படை வரலாற்றை நூலாகவும் எழுதினார். 2001 ஜூனில் மறைந்தார். அதற்குள் அவர் வளர்த்த படை பெரிதும் ஓரினத்தின் படையாகிவிட்டது. 1995இல் அப்படை வலிகாமத்துக்குள் முன்னேறியபோது, நீங்கள் தோட்டத்தையும் கிணற்றையும் விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தீர்கள். அதனை நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

நிற்க. சீருடை எதுவாயினும், அதனுள்ளே இருந்தவன் ஒரு தாயின் மகன், ஒருத்தியின் கணவன், பிள்ளைகளின் தந்தை. 2009இல் போர் முடிந்தபின் ஒரு சாராருக்குத் தூபிகள் எழுந்தன. மறு சாராரின் துயிலும் இல்லங்களோ இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. கல்லறையை இடித்தவர் கண்ணீரை இடிக்க முடியவில்லை. பிள்ளைக்கு விளக்கேற்றும் உரிமையைப் பெற்றோர் எவரிடமும் இரந்து பெற வேண்டியதில்லை. அவ்வுரிமையை நமக்குக் கோருகின்ற நாம், சிங்களத் தாய்க்கும் அதனை மறுக்கமாட்டோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். முத்துக்குமாரு படை வரலாற்றை எழுதிவைத்தார். நம் வீட்டு வரலாற்றை நாமே எழுத வேண்டும். மறைந்தவரின் பெயர், பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு, இடம், செய்த தொழில், விட்டுச்சென்ற குடும்பம் ஆகியவற்றை வீடுதோறும் ஒரு கொப்பியிற் குறித்துவையுங்கள். ஆசிரியர்களே, சட்டத்தரணிகளே, எழுதத் தெரியாத முதியோருக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள். உழவர்களே, காணி உறுதியைப் பேணுவது போல் அக்கொப்பியையும் பேணுங்கள். உறுதி இல்லாத காணி பறிபோகும்; பதிவு இல்லாத நினைவும் அவ்வாறே.