எவர் நிலம்? எவர் விடுதலை?



அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றிப் பேசுவோர் 1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்தைக் கூறுவர். ஜோர்ஜ் வாஷிங்டனின் வீரத்தைக் கூறுவர். 1781 ஒக்ரோபர் 19இல் யோர்க்ரவுணிலே பிரித்தானியப் படை சரணடைந்ததைக் கூறுவர். அச்சரணாகதிக்குப் பத்து மாதங்களின் பின்னர் எல்லைப்புறக் காடொன்றில் நிகழ்ந்த ஒரு சமரைப் பற்றியே யான் இன்று கூற விழைகின்றேன். அது சில நிமிடங்களில் முடிந்த சிறு சமர். ஆயினும், விடுதலை என்னுஞ் சொல்லுக்குள் மறைந்து கிடக்கும் பெரியதொரு வினாவை அது நம்முன் நிறுத்துகின்றது.

அக்காலத்தில் கென்ரக்கி, வேர்ஜீனியாவின் மேற்கெல்லையாக இருந்தது. ஓகையோ ஆற்றின் தெற்கே வெள்ளைக் குடியேற்றக்காரர் காடு வெட்டிச் சோளம் விளைவித்து, மரக்கோட்டைகளுக்குள் வாழ்ந்தனர். ஆற்றின் வடக்கே ஷோனி, டெலவெயர் முதலிய பழங்குடி மக்கள் வாழ்ந்தனர். தெற்கு நிலமோ ஷோனி மக்களின் வேட்டைக்காடு. 1782 ஓகஸ்ட் நடுப்பகுதியில் கப்டன் வில்லியம் கல்ட்வெல் தலைமையில் பிரித்தானியச் சார்புப் படையினர் ஏறத்தாழ 50 பேரும், பழங்குடி வீரர் ஏறத்தாழ 300 பேரும் பிறையன் கோட்டையை முற்றுகையிட்டனர். கோட்டை விழவில்லை. பயிரை அழித்துக் கால்நடைகளைக் கொன்றபின் அவர்கள் திரும்பிச் சென்றனர்.

குடியேற்றக்காரர் 182 பேர் அவர்களைத் துரத்தினர். ஓகஸ்ட் 19இல், லிக்கிங் ஆற்றங்கரையிலே, புளூ லிக்ஸ் என்னும் உப்பூற்றை அடைந்தனர். காட்டு வாழ்விற் பழுத்த அனுபவமுடைய டானியல் பூன், எதிரி சென்ற தடம் சற்றும் மறைக்கப்படாதிருத்தலைக் கண்டு ஐயுற்றார். பெஞ்சமின் லோகன் பெரும் படையுடன் பின்னே வருகின்றார், அவருக்காகக் காத்திருப்போம் என்றார். ஆனால் கியூ மக்கேறி என்பவர், கோழையல்லாதோர் என் பின்னே வருக எனக் கூவி ஆற்றிற் குதிரையை இறக்கினார் என்பர். பழிச்சொல்லுக்கு அஞ்சி ஏனையோரும் இறங்கினர். அக்கரைக் குன்றின் பள்ளங்களிற் பதுங்கியிருந்தோரின் துப்பாக்கிகள் முழங்கின. ஏறத்தாழ 70 பேர் மாண்டனர். படைத்தலைவர் ஜோன் ரொட் மாண்டார். பூனின் மகன் இஸ்றேலும் மாண்டான். கூவி அழைத்தவரோ உயிர் தப்பினார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று கூறி இக்கதையை முடித்துவிடலாம். ஆனால் அக்குன்றில் அம்மக்கள் ஏன் பதுங்கியிருந்தனர் என்று வினவுதல் வேண்டாமா?

1768ஆம் ஆண்டு ஸ்ரன்விக்ஸ் கோட்டை உடன்படிக்கையிலே ஓகையோவின் தெற்கு நிலத்தைப் பிரித்தானியருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் இறொக்குவா மக்கள். அந்நிலத்தில் வேட்டையாடி வாழ்ந்த ஷோனி மக்களின் இணக்கம் அதிற் பெறப்படவில்லை. ஒருவன் நிலத்தை மற்றொருவன் விற்க, மூன்றாமவன் வாங்கினான்!

இன்னுங் கேளுங்கள். அதே 1782 மார்ச்சிலே, கினாடன்கூட்டன் என்னும் ஊரில், போரில் எப்பக்கமுஞ் சேராத கிறித்தவ டெலவெயர் மக்கள், தாம் விட்டுச் சென்ற சோளத்தை அறுவடை செய்யத் திரும்பி வந்திருந்தனர். பென்சில்வேனியாக் குடிப்படையினர் அவர்களைப் பிடித்து, 96 பேரைக் கொன்றனர். அவர்களுள் 39 பேர் குழந்தைகள். கொன்றவர் எவரும் தண்டிக்கப்படவில்லை. புளூ லிக்ஸ் சமரின் பின்னர், நவம்பரில், ஜோர்ஜ் றொஜர்ஸ் கிளார்க் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரருடன் ஓகையோவைக் கடந்து ஷோனி ஊர்களையும் சோளக் களஞ்சியங்களையும் எரித்தார். எப்பக்கத்து வெற்றியாயினும் எரிந்தது உழவனின் உணவே.

பதுங்கிக் கொன்றதை யான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அம்மக்களின் விதியை முடிவு செய்தது துப்பாக்கியன்று, பேனாவே. 1783 செப்ரெம்பர் 3இல் பரிஸ் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. மிசிசிப்பி ஆறு வரையுள்ள நிலத்தைப் பிரித்தானியா புதிய குடியரசுக்கு விட்டுக் கொடுத்தது. தன் பக்கம் நின்று குருதி சிந்திய பழங்குடி மக்களைப் பற்றி அவ்வுடன்படிக்கையில் ஒரு சொல்லேனும் இல்லை. களத்தில் வென்றவர்கள் மேசையிலே தோற்றனர். அம்மேசையில் அவர்களுக்கு இருக்கையே இருக்கவில்லை. 1795ஆம் ஆண்டுக் கிறீன்வில் உடன்படிக்கையில் ஓகையோ நிலத்தின் பெரும்பகுதியும் அவர்கள் கையை விட்டகன்றது.

குடியேறிய எளியவனாயினும் வாழ்ந்தானா? மகனைப் பறிகொடுத்த அந்த டானியல் பூன், உறுதிகளிற் குறையிருந்தமையால் கென்ரக்கியில் தம் காணிகளை இழந்தார். 1799இல், அன்று ஸ்பானியர் ஆட்சியிலிருந்த மிசூரிக்குக் குடிபெயர்ந்தார்.

பெருமக்களே! விடுதலை என்ற முழக்கம் கேட்கும்போதெல்லாம் இரண்டு வினாக்களை எழுப்புங்கள். அது எவருடைய விடுதலை? அதனை எழுதும் மேசையிலே, அந்நிலத்தில் வாழ்பவனுக்கு இருக்கை உண்டா? இவற்றுக்கு நேரிய விடை கிடையாத விடுதலை, ஒருவன் விலங்கைக் கழற்றி இன்னொருவனுக்குப் பூட்டுவதேயாகும்.