பாதரசத்தைப் பற்றிச் சிரிக்கலாமா?



மண்ணும் தண்ணீரும் நஞ்சாகிற நேரத்தில் ஆட்டமும் பாட்டும் கேலியும் எதற்கு என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கொடைக்கானலை வைத்தே பதில் தேடுவோம்.

அமெரிக்காவில் மூடப்பட்ட ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களில் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. பின்னர் கைமாறி ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியிடம் போயிற்று. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் ஊருக்குள் ஒரு காயலான் கடையில் கிடந்ததை மக்கள் அம்பலப்படுத்தினார்கள். அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. பாதரசத்தில் வேலை செய்து உடல் கெட்டோம் என்றார்கள் தொழிலாளர்கள். வேலையால் வந்த நோயல்ல என்றது கம்பெனி. ஊர்வலம், மகஜர், ஹைகோர்ட் வழக்கு என்று வருஷங்கள் ஓடின. வெளியூர்க்காரர்களுக்கு அது பழங்கதையாகிவிட்டது.

2015 ஜூலை இறுதியில் சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண் பாட்டு ஒன்றைப் படம்பிடித்து வெளியிட்டார். மெட்டு அவருடையதல்ல, உலகமெங்கும் இளைஞர்கள் இடுப்பை ஆட்டிக் கேட்ட நிக்கி மினாஜ் பாட்டின் மெட்டு! அதில் கம்பெனியைக் கிண்டல் செய்து, தொழிலாளிக்கு நியாயம் கேட்டார். சில நாட்களில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். கம்பெனியின் உலகத் தலைவரே வாய் திறக்க வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் விஷயத்தில் உடன்பாடு ஏற்பட்டது.

பாட்டு ஜெயித்துவிட்டது என்று சொல்லலாமா? சொன்னால், பதினைந்து வருஷம் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தவர்களுக்கு நாம் துரோகம் செய்தவர்களாவோம். அவர்களுடைய பிடிவாதம் இல்லாவிட்டால் அது வெறும் வேடிக்கைப் பாட்டு. ஆனால், மகஜர் போகாத வீட்டுக்குள் அது போயிற்று. நம் தெருக்கூத்தில் கட்டியக்காரன் செய்வதும் இதுதானே! ராஜாவை எதிரில் வைத்துக்கொண்டே கேலி செய்வான், ஜனங்கள் சிரிப்பார்கள், சிரித்த பிறகு பயம் பாதி போய்விடும். நமது மேடைகளில் புள்ளிவிவரம் அதிகம், கட்டியக்காரன் குறைவு. (இந்த உரையும் விதிவிலக்கல்ல!)

ஒன்றில் மட்டும் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும்: கேலி யார் மேல்? கம்பெனி விளம்பரத்தின் குழைவை நடித்துக் காட்டுங்கள். நோயாளியின் நடுங்கும் கையை நடித்துக் காட்டினால், பார்க்க வந்திருக்கும் அவன் மனைவி எழுந்து போய்விடுவாள்.

பணம் கொடுத்ததோடு விஷயம் முடியவில்லை. ஆலை வளாகத்து மண் அப்படியே கிடந்தது. மண்ணைச் சுத்தம் செய்ய இங்கிலாந்துக்கு ஓர் அளவு, கொடைக்கானலுக்கு ஓர் அளவா என்று கேட்டு, 2018-இல் சோஃபியா அடுத்த பாட்டோடு வந்தார். இம்முறை டி.எம். கிருஷ்ணாவின் கர்நாடக சங்கீதமும் கூடச் சேர்ந்துகொண்டது.