மிச்சம் வேறு, எச்சில் வேறு
(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவர்களுக்கு ‘ஆர்ட்’ என்ற ஆங்கிலச் சொல் தெரிந்திருக்கும். கலை என்று நினைத்துவிடாதீர்கள். அது ‘ஏ’யில் தொடங்கும். இது ஓ, ஆர், டி. கடைசியில் ‘எஸ்’ சேர்த்து எழுதுவதே வழக்கம். சாப்பிட்ட தட்டில் கிடக்கும் மிச்சம்மீதி என்று பொருள். 15ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் உள்ள சொல். முதலில் மாடு தின்னாமல் கழித்த தீவனத்தைக் குறித்தது. நம் புதுக்கோட்டைப் பக்கத்துத் தொழுவங்களில் கிடக்கும் வைக்கோல் கூளம் மாதிரி.

சட்டியில் மீந்ததற்கு அவர்கள் சொல்வது ‘லெஃப்ட்ஓவர்ஸ்’. நமக்கும் இரண்டு சொற்கள் உண்டு. ‘மிஞ்சு’ என்பதிலிருந்து மிச்சம். ‘எஞ்சு’ என்பதிலிருந்து எச்சில். சட்டியில் இருப்பது மிச்சம், வாய் பட்டது எச்சில்.

இதை ஏன் சொல்கிறேன்? ஃபிரிட்ஜில் மூன்று நாள் கிடந்த குழம்பை, எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். கீழே போய்ப் பச்சைத் தொட்டியில் கொட்டியதை மாடியிலிருந்து பார்த்தேன். வாய் படாததுதான். ஆனாலும் நான் கொடுத்தது மிச்சமல்ல, கூளம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கொடுப்பதானால் சமைத்த அன்றைக்கே, கேட்டுவிட்டுக் கொடுங்கள். நாம் சாப்பிடத் தயங்குவதைக் கொடுக்க வேண்டாம். தட்டில் மிஞ்சியதை பிளாஸ்டிக் பை இல்லாமல் பச்சைத் தொட்டியில் போடுங்கள்.