நண்டுக்குப் பெயர் வைத்த அம்மா
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டத்தில் மூன்றாவது பொருள், குழு நோட்டு எழுதும் பெண்களுக்கு மாதாமாதம் மதிப்பூதியம் கொடுக்கலாமா என்பது. அதைப் பேசும் முன் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம. வெளிநாட்டுக் கதைதான். ஆனா நண்டு, இறால் கதை. குழம்பு வைக்கிற நமக்குப் புரியாமல் போகாது.

அவர் பெயர் மேரி ஜேன் ராத்பன். 1860ல் அமெரிக்காவில் பஃபலோ நகரில் பிறந்தவர். ஒரு வயசிலேயே தாயை இழந்தார். வளர்ந்த பிறகும் நாலரை அடி உயரம்தான். பள்ளிப் படிப்பு முடித்தார், கல்லூரிக்குப் போகவில்லை. 1881ல் அண்ணன் ரிச்சர்டு கூட உட்ஸ் ஹோல் என்ற கடற்கரை ஊருக்குப் போனார். அண்ணனுக்கு அங்கே அரசின் மீன்வள ஆணையத்தில் வேலை. கடலில் வாரிக்கொண்டு வந்ததை எல்லாம் குவித்திருப்பார்கள். நண்டு எது, இறால் எது என்று பிரித்து, சீசாவில் போட்டு, சீட்டு எழுதி ஒட்டுவது தங்கையின் வேலை. மூன்று வருஷம் சம்பளம் இல்லாமலே செய்தார். 1884ல்தான் எழுத்தர் வேலை கிடைத்தது. 1886ல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கு வந்தார். அண்ணனுக்கு வேறு பொறுப்புகள் அதிகம். அதனால் அந்தப் பிரிவின் அன்றாட வேலை பெரும்பாலும் இவர் தலையில் விழுந்தது.

என்ன ஆராய்ச்சி என்று கேட்பீங்க. ஒரு நண்டைக் கையில் எடுத்தால் நீங்க முதலில் திருப்பி வயிற்று மடலைப் பார்ப்பீங்க இல்லையா? குறுகி இருந்தால் ஆண், அகன்று இருந்தால் பெண். அவரும் அப்படித்தான் பார்த்தார். அதோடு ஓட்டின் விளிம்பில் எத்தனை முள், கண்களுக்கு நடுவே எத்தனை பல், காலின் வடிவம் எப்படி என்று எண்ணி எழுதினார். ஏற்கெனவே எழுதி வைத்த எதனோடும் பொருந்தவில்லை என்றால் அது புது இனம். அதற்குப் பெயர் வைத்து அச்சில் போடுவார். இப்படி 1,100க்கும் மேற்பட்ட புது வகைகளை உலகத்துக்குச் சொன்னார். பெரும்பாலும் நண்டுகள், இறாலும் உண்டு. 1902ல் அவர் பெயர் வைத்த ஒரு சின்ன இறாலை அமெரிக்காவின் மேற்குக் கடலில் இன்றும் பிடித்து விற்கிறார்கள். அந்த இறால் ஆணாகத் தொடங்கி பிறகு பெண்ணாக மாறும்! (சிரிக்காதீங்க, உண்மைதான்.)

அங்கே கிழக்குக் கடலில் ஒரு நீல நண்டு உண்டு. அதற்கு 1896ல் அவர் வைத்த பெயர் 'கேலினெக்டஸ் சாப்பிடஸ்'. முதல் பாதி முன்னமே இருந்தது. அழகாக நீந்துவது என்று பொருள். இரண்டாவது பாதி அவர் சேர்த்தது. ருசியானது என்று பொருள். சாப்பிட்டுப் பார்த்துத்தான் வைத்திருப்பார் என்று நமக்குத் தோன்றுகிறது.

பெயரில் என்ன இருக்கு என்று நினைக்க வேண்டாம். இரண்டு இனத்தை ஒன்றென்று எண்ணினால், எது எந்த மாதம் சினைப்படுது, எப்போது பிடிக்கக் கூடாது என்பதே குழம்பிவிடும். நம்ம பாக் ஜலசந்திக் கரையிலும் பெண்கள் நண்டுச் சதை எடுக்கிறார்கள், அது அமெரிக்காவுக்கும் போகிறது. அது வேறு இன நண்டு. வேறு என்று சொல்ல இந்த மாதிரி எழுத்து வேலைதான் ஆதாரம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றோம். பிரிவில் வேலை குவிந்தது, ஆள் போதவில்லை. வால்டோ ஷ்மிட் என்ற இளைஞரை முழுநேரம் வைத்துக்கொள்ளப் பணம் இல்லை. 1914 கடைசியில் மேரி அம்மா தன் பதவியை விட்டு, அந்தச் சம்பளத்தை அவருக்குக் கொடுக்கச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 54. அதன் பிறகும் வேலையை விடவில்லை. 1917ல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. அமெரிக்க நண்டுகளைப் பற்றிய நான்கு பெரிய புத்தகங்கள் 1918, 1925, 1930, 1937 என்று வந்தன. எல்லாம் சம்பளமில்லாத காலத்தில் வெளிவந்தவை. 1943ல் இறக்கும்போது 10,000 டாலரை அதே அருங்காட்சியகத்துக்கு, இதே ஆராய்ச்சிக்கு எழுதி வைத்தார்.

இதை தியாகம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நாங்களும் அவரை வணங்குகிறோம். ஆனால் ஒரு கேள்வி. அவ்வளவு பெரிய நிறுவனத்தில் இரண்டு பேருக்குச் சம்பளம் கிடைக்காமல் போனது ஏன்? விட்டுக் கொடுக்க அவரிடம் ஒரு சம்பளமாவது இருந்தது. நம்ம நோட்டு எழுதுறவங்களுக்கு என்ன இருக்கு? ராத்திரி அடுப்பு வேலை முடிச்சு கணக்கு எழுதுறாங்க. வங்கிக்குப் போகிற பஸ் காசும் அவங்க கைக்காசு. ஒருநாள் கூலியும் போச்சு. கேட்டால் "சேவைதானே அக்கா" என்கிறோம். கடனை ஒழுங்காக் கட்டினோம் என்று வங்கிக்குக் காட்ட அந்த நோட்டுதான் நம்மிடம் இருக்கும் சாட்சி.

சரி, பொருளுக்கு வருவோம். குழுவுக்கு எவ்வளவு கொடுக்க முடியும், சந்தாவில் இருந்தா, வட்டி வருமானத்தில் இருந்தா என்று ஒவ்வொரு குழுவாக எழுந்து சொல்லுங்க. தீர்மான நோட்டை இன்றைக்கு மட்டும் நாங்கள் எழுதுகிறோம். எழுதுறவங்க இன்றைக்கு உட்கார்ந்து பேசட்டும்.