நிக்காஹ் பேசி முடித்ததும் தொடங்க வேண்டிய மாத்திரை

(மகளிர் நலக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)

 

மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்ட்டுக்கு வரும் மனுக்களோடு மருந்துக்கடை ரசீதுகளும் வருகின்றன. கர்ப்பிணிகளின் ரசீதுகளில் இப்போது ஒரு பெயரை அடிக்கடி பார்க்கிறோம்: எல்-மீத்தைல்ஃபோலேட். அதோடு வேறு சில சத்துகளையும் சேர்த்து அழகான அட்டைப்பெட்டியில் விற்கிறார்கள். சாதாரண ஃபோலிக் ஆசிட் மாத்திரையைவிடப் பல மடங்கு விலை. "விலை கூடினதுதானே பிள்ளைக்கு நல்லது" என்று கடன் வாங்கியாவது அதையே வாங்கிக் கொடுக்கிறார்கள். இன்னொரு பக்கம், "மூணு மாசம் தாண்டட்டும், அப்புறம் டாக்டரிடம் போகலாம்" என்று எந்த மாத்திரையும் இல்லாமல் நாளைக் கடத்தும் குடும்பங்களும் நம்மில் உண்டு. இந்த இரண்டைப் பற்றியும் இன்று பேச வேண்டியிருக்கிறது.

நான் டாக்டர் அல்ல. அரசு சுகாதாரத் துறையும் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவருவதை நம் வீட்டுப் பேச்சில் எடுத்துச் சொல்வதுதான் என் வேலை.

ஃபோலேட் என்பது பி வைட்டமின்களில் ஒன்று. கீரை, பருப்பு, கொண்டைக்கடலை போன்றவற்றில் இயற்கையாக இருக்கிறது. அதையே தொழிற்சாலையில் செய்து மாத்திரையாக்கினால் அதற்கு ஃபோலிக் ஆசிட் என்று பெயர். புதிய உயிரணுக்கள் உருவாக இந்தச் சத்து அவசியம். கருவில் பிள்ளை வளரும்போது இதன் தேவை கூடுகிறது.

கரு உண்டான 28 நாட்களுக்குள் ஒரு பெரிய காரியம் நடந்து முடிந்துவிடுகிறது. பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் உருவாக வேண்டிய இடம் முதலில் ஒரு தட்டையான தகடு போல் இருக்கும். அது பாயைச் சுருட்டுவது போல் சுருண்டு, இரு ஓரங்களும் ஒட்டி, ஒரு குழாயாக மூடிக்கொள்கிறது. இதை நரம்புக் குழாய் என்கிறார்கள். மேல் பக்கம் மூடாமல் போனால் மூளையின் பெரும்பகுதியும் மண்டையோடும் உருவாவதில்லை. அந்தப் பிள்ளை பிழைப்பதில்லை. கீழ்ப் பக்கம் மூடாமல் போனால் முதுகில் தண்டுவடம் வெளியே தெரிய, பிள்ளை பிறக்கிறது. அதற்கு ஸ்பைனா பைஃபிடா என்று பெயர். கால்கள் வலுவிழக்கலாம், சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போகலாம், தலையில் நீர் கோத்துக்கொள்ளலாம். ஆபரேஷன் உண்டு, ஆனால் வாழ்நாள் முழுக்கத் தொடரும் சிரமமும் உண்டு.

அந்த 28-ஆம் நாள் தாயின் கணக்கில் எப்போது வருகிறது? மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பல பெண்களுக்கு அப்போதுதான் சந்தேகமே வரும். மூன்று மாதம் தாண்டி டாக்டரிடம் போகும்போது அந்தக் குழாய் மூடி, அல்லது மூடாமல் போய், இரண்டு மாதம் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு விலை கொடுத்து எந்த ஃபோலேட் வாங்கினாலும் அந்த ஒரு காரியத்துக்கு உதவாது. ஆகவேதான் கரு உண்டாவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் சாப்பிடச் சொல்கிறார்கள். கருத்தரித்த பின் 12 வாரம் முடியும் வரை நிறுத்தாமல் தொடர வேண்டும்.

நம் ஊர் நிலைமைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். புதுமணத் தம்பதிகள் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட எண்ணவில்லை என்றால், நிக்காஹ் பேசி முடித்ததுமே பெண் தொடங்கிவிடலாம். கணவர் சபரில் இருந்து இரண்டு மாத விடுப்பில் வருகிறார் என்றால், அவர் டிக்கெட் போட்டுவிட்டேன் என்று சொல்லும் நாளில் மனைவி மாத்திரையைத் தொடங்க வேண்டும். அவர் வந்து, போய், கர்ப்பம் உறுதியான பிறகு அல்ல.

"கர்ப்பமே இல்லை, அதற்குள் மருந்தா?" என்று மாமியார் கேட்கலாம். அவர் கேட்பதில் தப்பில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இந்தக் கூட்டத்துக்கு மாமியார்களையும் அழைத்தோம்.

அடுத்து, எந்த மாத்திரை என்ற கேள்வி. இதன் வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களைக் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகை வாட்டியது. யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அவர் கணக்கெடுத்தார். மிகக் குறைவான சாப்பாடும் மிக அதிகமான நோயும் ஏழை முஸ்லிம் பெண்களிடம்தான் இருந்தன. பிறகு குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் ஆய்வைத் தொடர்ந்தார். கோஷாப் பெண்களுக்கென்று தொடங்கப்பட்ட அந்த ஆஸ்பத்திரிதான் திருவல்லிக்கேணியில் இருக்கும் இன்றைய கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனை. ஈஸ்ட் சாறு கொடுத்தபோது இந்த ரத்தசோகை குணமாவதைக் கண்டு 1931-இல் அவர் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்த சத்துதான் ஃபோலேட் என்பது பின்னாளில் தெரியவந்தது. நம் பாட்டிமார் காலத்து ஏழைப் பெண்களின் கஷ்டத்தில் இருந்து பிறந்த அறிவு இது. நம் பேத்திமாருக்கு அது போய்ச் சேரவில்லை என்றால் வருத்தப்பட வேண்டிய விஷயம்.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 7 நாடுகளில் 33 மையங்களில் நடத்திய ஆய்வு 1991-இல் வெளிவந்தது. ஏற்கெனவே இந்தக் குறையோடு பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் கொடுத்தார்கள். குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. 1999-இல் சீனாவில் இருந்து இன்னொரு ஆய்வு வந்தது. தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்ததில், குறை அதிகமாக இருந்த வட பகுதியில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 5 என்றிருந்தது 1 ஆகக் குறைந்தது. இரண்டு ஆய்விலும் கொடுக்கப்பட்டது சாதாரண ஃபோலிக் ஆசிட்தான்.

மீத்தைல்ஃபோலேட் என்பது பொய்யான மருந்து அல்ல. நாம் சாப்பிடும் ஃபோலிக் ஆசிட்டை உடல் கடைசியில் அந்த வடிவத்துக்குத்தான் மாற்றிக்கொள்கிறது. அதைச் சாப்பிட்டாலும் ரத்தத்தில் ஃபோலேட் அளவு கூடும். ஆனால் நரம்புக் குழாய்க் குறையைத் தடுக்கிறது என்று ஆய்வில் நிரூபணமானது ஃபோலிக் ஆசிட் மட்டுமே. "சிலருக்கு மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கும், அவர்கள் உடம்பு ஃபோலிக் ஆசிட்டை ஏற்காது" என்று ஒரு பேச்சும் உலவுகிறது. எம்.டி.எச்.எஃப்.ஆர். என்ற மரபணு அது. அந்த மாற்றம் இருப்பவர்களின் உடம்பும் ஃபோலிக் ஆசிட்டைப் பயன்படுத்திக்கொள்கிறது. மாற்றம் இல்லாதவர்களைவிட ரத்த அளவு சுமார் 16 சதவீதம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். தினம் 400 மைக்ரோகிராம் என்பது அவர்களுக்கும் பொருந்தும். இதற்காக மரபணு டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை.

டாக்டர் மீத்தைல்ஃபோலேட் எழுதிக்கொடுத்திருந்தால் கோபப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். "டாக்டர், இதற்குப் பதில் சாதாரண ஃபோலிக் ஆசிட் எழுத முடியுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். மிச்சமாகும் பணத்தில் முட்டை, பருப்பு, பழம் வாங்குங்கள். ஃபோலினிக் ஆசிட் என்று காதில் ஒரே மாதிரி விழும் இன்னொரு மருந்தும் உண்டு. அது வேறு நோய்களுக்கானது. கடையில் கொடுத்ததும் பெயரைப் படித்துப் பாருங்கள்.

பெயரைப் போலவே அளவையும் பார்க்க வேண்டும். பொதுவாகப் பெண்களுக்குத் தேவை 400 மைக்ரோகிராம், அதாவது 0.4 மில்லிகிராம். மருந்துக்கடையில் சுலபமாகக் கிடைப்பதோ 5 மில்லிகிராம். அது 12 மடங்குக்கும் மேல். முன்பு இந்தக் குறையோடு பிள்ளை பெற்றவர்கள், கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு இந்தக் குறை இருப்பவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்புக்குச் சில மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் போன்றோருக்கு டாக்டர்கள் கூடுதல் அளவு தருவார்கள். அவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரைப் பார்ப்பது கட்டாயம். வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. சொந்தத்தில் மணம் முடித்தவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மற்றவர்கள் "கூடுதலா சாப்பிட்டா கூடுதல் பலம்" என்று நாமாகவே 5 மில்லிகிராம் வாங்க வேண்டாம். பி-12 சத்துக் குறைவு இருந்தால் அதிக ஃபோலிக் ஆசிட் அதை வெளியே தெரியாமல் மறைத்துவிடும். நரம்பு பாதிப்பு உள்ளுக்குள் வளரும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் மூன்று மாதத்துக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் தருவது அரசின் திட்டத்திலேயே இருக்கிறது. நான்காம் மாதத்தில் இருந்து இரும்புச் சத்தும் ஃபோலிக் ஆசிட்டும் சேர்ந்த மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட்டும் இருக்கும். தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். அதை டீ, காபியோடு சாப்பிட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. இலவசமாகக் கிடைப்பதால் மட்டமானது என்று எண்ணி யாரும் குப்பையில் போடாதீர்கள்.

சகோதரிகள் எழுதிக் கொடுத்த கேள்விகளில் மூன்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கீரையும் ஈரலும் சாப்பிட்டால் போதாதா? கீரை, பருப்பு அவசியம் சாப்பிடுங்கள். ஆனால் ஃபோலேட் சூட்டில் அழியும், வேகவைத்த தண்ணீரோடு வெளியேறும். சாப்பாட்டை மட்டும் நம்பி இந்த அளவை எட்டுவது கடினம். ஈரலில் ஃபோலேட் நிறைய உண்டுதான். ஆனால் வைட்டமின் ஏ-யும் மிக அதிகம். அது அளவு மீறினால் கருவுக்குக் கெடுதல். கர்ப்ப காலத்தில் ஈரலைத் தவிர்ப்பதே நல்லது.

காப்ஸ்யூலின் ஜெலட்டின் ஹலாலா? சத்து எண்ணெய் அடைத்த காப்ஸ்யூல்களில் இந்தச் சந்தேகம் நியாயமானது. சாதாரண ஃபோலிக் ஆசிட் கிடைப்பது காப்ஸ்யூல் உறை இல்லாத வெறும் மாத்திரையாக. மாத்திரையையே கேட்டு வாங்கினால் அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

ரமலானில் என்ன செய்வது? தினம் ஒரு வேளைதான். ஸஹரிலோ இஃப்தாருக்குப் பிறகோ சாப்பிடலாம். தனக்கோ பிள்ளைக்கோ பாதிப்பு வரும் என்று அஞ்சும் கர்ப்பிணிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் யாராவது ஏற்கெனவே கர்ப்பமாக இருந்து, இன்னும் தொடங்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன. 12 வாரத்துக்குள் இருந்தால் இன்றே தொடங்குங்கள். உடனே டாக்டரையோ கிராம சுகாதார செவிலியரையோ பாருங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் இந்தக் குறையோடு பிறக்கும் பிள்ளைகளும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு தாயைப் பார்த்து "நீ மாத்திரை சாப்பிடலையா?" என்று ஒருவரும் கேட்டுவிடாதீர்கள். அது அநியாயம். கத்ர் அல்லாஹ்வின் கையில். முயற்சி நம் கையில். மருந்து சாப்பிடுவது தவக்குலுக்கு எதிரானது அல்ல.

இனி நிக்காஹ் உதவித்தொகை வழங்கும்போது, மணப்பெண்ணின் உம்மாவிடமும் மாப்பிள்ளை வீட்டாரிடமும் இந்தச் செய்தியை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க நம் நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறது. அதில் மூன்றே வரிகள் இருக்கும்: சாதாரண ஃபோலிக் ஆசிட். 400 மைக்ரோகிராம். கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்து, 12 வாரம் முடியும் வரை. வீட்டுக்குப் போனதும் கல்யாண வயதில் உள்ள உங்கள் பெண்பிள்ளைகளுக்கும், சபரில் உள்ள மகன்களுக்கும் இந்த மூன்று வரியைச் சொல்லுங்கள்.

நம் பெண்மக்களுக்கு ஆரோக்கியமான, ஸாலிஹான பிள்ளைகளை அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.