ஒரே வாங்கில் இருந்தோம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில், 90களின் இறுதியில் உயர்தரம் கற்ற மாணவிகள் சார்பில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக்குழு எங்களுக்குத் தந்த தலைப்பு, தனிமனித விருப்பங்களும் விழுமியங்களும் கூட்டு வாழ்வை எப்படி உருவாக்குகின்றன என்பது. தலைப்பைக் கேட்டதும், "இது சமயபாட வினாத்தாள் மாதிரி இருக்கே!" என்று எங்கள் வகுப்பே சிரித்தது. பிறகு யோசித்துப் பார்த்தோம். இந்தத் தலைப்புக்கு எங்களிடம் ஒரு விடை இருக்கிறது. முப்பது வருடங்களாக அதை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தோம்.

இந்த உரை முழுவதும் 'நாங்கள்' என்றே பேசப்போகிறோம். வாசிப்பது ஒருத்திதான். ஆனால் சொல்லப்போகும் தவறு ஒருத்தியுடையது அல்ல.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவில் இருந்து தொடங்குகிறோம். எங்களுக்கு அப்போது 16 வயது. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தோம். யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் ஏறக்குறைய ஒரே இரவில் வெறுமையாகின. இலட்சக்கணக்கான சனம் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நடந்தது. சைக்கிளில் அரிசி மூட்டை, அதற்கு மேல் அம்மம்மா. காலை வைக்க இடமில்லாத நெரிசல். மழை வந்தது. குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைநீர் சேர்த்துக் குடித்தோம். எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் அந்தச் சனத்துக்குள் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துச் சேர்ந்து நடந்தோம். எங்களிடம் ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு பக்கற் பிஸ்கற்றும் இருந்தன. ஆளுக்கு ஒரு மிடறு, ஆளுக்கு ஒரு பிஸ்கற். யாரும் இரண்டாவதை எடுக்கவில்லை. பகிர வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவும் இல்லை.

சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் தெரியாத வீடுகளின் விறாந்தைகளில் அந்த மாதங்களைக் கழித்தோம். 1996 ஏப்ரலிலும் மே மாதத்திலும் திரும்பி வந்தோம். பாடசாலை தொடங்கியது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவுக்குப் போனோம். அந்நாளில் நான்கு பாடங்கள்: தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல். மின்சாரம் இல்லாத வீடுகளில் ஜாம் போத்தல் விளக்குத்தான். தரைப்பாதை மூடிக் கிடந்தது. கொழும்பில் இருந்து ஒரு புத்தகம் வருவதென்றால் கப்பலில் வர வேண்டும்.

இங்கேதான் விருப்பம் என்ற சொல் வருகிறது. எங்கள் எல்லோருக்கும் ஒரே விருப்பம். டொக்டராக வர வேண்டும். அது எங்கள் விருப்பமா, அம்மா அப்பாவின் விருப்பமா, ஒழுங்கையில் இருந்த எல்லோருடைய விருப்பமா என்று பிரித்துப் பார்க்க அந்த வயதில் எங்களுக்குத் தெரியவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருப்பது இங்குள்ள மாணவிகளுக்கு நன்றாகத் தெரியும். இன்றும் பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமையின்படியும் 55 வீதம் மாவட்ட ரீதியாகவும் தெரிவாகிறது. அந்த முறை சரியா பிழையா என்பது வேறு விவாதம். அது எங்கள் வகுப்பறைக்குள் என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வருகிறோம். காலியிலோ கண்டியிலோ இருந்த பிள்ளை எங்களுக்குப் போட்டியாகத் தெரியவில்லை. பக்கத்து வாங்கில் இருந்தவள்தான் போட்டியாகத் தெரிந்தாள்.

எங்களில் ஐந்து பேரிடம் விலங்கியல் குறிப்புக் கொப்பி ஒன்று இருந்தது. கொழும்பில் படித்த ஒருத்தியின் அண்ணா கப்பலில் அனுப்பியது. கூடவே கடந்தகால வினாத்தாள்களுக்கு எழுதிய விடைகளும் இருந்தன. ஐந்து பேரும் முறை வைத்து இரவிரவாகப் பிரதி பண்ணினோம். எங்கள் வாங்கில் ஆறாவதாக ஒருத்தி இருந்தாள். தீவுப்பகுதியில் இருந்து இடம்பெயர்ந்து வந்து, உறவினர் வீட்டில் நின்று படித்தவள். அவள் கேட்டாள்: "எடி, அந்த விலங்கியல் கொப்பியை ரெண்டு நாளைக்குத் தருவியளே?"

"அது வேறொருத்தி கொண்டு போட்டாளடி" என்று சொன்னோம். கொப்பி அந்த நேரம் எங்கள் பையிலேயே இருந்தது. அது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் திரும்பக் கேட்கவில்லை.

ஐந்து பேரில் மூன்று பேர் மருத்துவ பீடத்துக்குப் போனோம். அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கொப்பி கிடைத்திருந்தால் அவளும் வந்திருப்பாள் என்று எங்களால் சொல்ல முடியாது. ஒரு கொப்பி ஒரு வாழ்க்கையை நிர்ணயிக்கும் என்று நம்புவதும் ஒருவகைத் தற்பெருமைதான். ஆனால் செம்மணி வெளியில் கடைசித் தண்ணீரைப் பங்கிட்டவர்கள் நாங்கள்தான். அந்த இரவில் ஆறாவது மிடறு அவளுடையது. கொப்பியை ஒளித்தவர்களும் நாங்களே. இரண்டுக்கும் இடையில் இரண்டு வருடம்கூட இல்லை. ஒன்றுமே இல்லாத இரவில் பகிர்ந்துகொண்டோம். எதிர்காலம் என்ற ஒன்று கண்ணில் தெரியத் தொடங்கியதும் ஒளிக்கப் பழகிவிட்டோம்.

விருப்பம் இருந்தது தவறல்ல என்பதில் இன்றும் உறுதியாக இருக்கிறோம். விருப்பம் இல்லாவிட்டால் அந்த விளக்கு வெளிச்சத்தில் யார்தான் படித்திருப்பார்கள்? ஒரேயொரு கேள்வியைத்தான் நாங்கள் கேட்காமல் விட்டோம்: எங்கள் விருப்பத்துக்கான விலையை யார் கட்டுகிறார்கள்? விழுமியம் என்று பெரிய சொல்லாகச் சொல்வதெல்லாம் இந்தச் சிறிய கேள்விதான் என்று இப்போது எங்களுக்குத் தோன்றுகிறது.

இந்தக் கேள்வி எங்கள் வகுப்போடு தொடங்கியது அல்ல. இந்தச் சங்கம் பிறந்த காலத்திலேயே யாழ்ப்பாணம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. 1924இல் இங்கே மாணவர் காங்கிரஸ் தோன்றியது. பிறகு அது வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. ஹன்டி பேரின்பநாயகம் போன்ற இளம் ஆசிரியர்கள் அதை நடத்தினார்கள். 1927இல் மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தது அவர்களின் அழைப்பில்தான். சாதி வேறுபாட்டை ஒழிக்க வேண்டும் என்று அவர்கள் பேசினார்கள். அந்நாளில் பல பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்கு வாங்கு கிடையாது. தரையில் இருந்துதான் படிக்க வேண்டும். 1920களின் இறுதியில், அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் தர வேண்டும் என்று வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. மனுக்கள் போயின. சில ஊர்களில் பாடசாலைகளே எரிக்கப்பட்டன.

எதிர்த்தவர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு நல்லதைத்தான் விரும்பினார்கள். ஊரில் மதிப்பு, நல்ல இடத்தில் சம்பந்தம், கைவிட்டுப் போகாத நிலை ஆகியவையே அவர்களின் விருப்பம். அதற்கான விலையை ஒரு ஏழு வயதுப் பிள்ளை தரையில் இருந்து கட்டியது. அதே சமூகம்தான் 1930களில் மூளாயில் ஊர்மக்கள் சேர்ந்து கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையைக் கட்டியெழுப்பியது. தன் வீட்டுக்கு அருகில் வைத்தியம் வேண்டும் என்பதும் ஒரு தனி விருப்பம்தான். பலர் அதை ஒன்றாகச் சேர்த்தபோது எல்லோருக்குமான கட்டில்கள் வந்தன. ஆக, விருப்பம் மனிதரைப் பிரிக்கவும் செய்யும், சேர்க்கவும் செய்யும். நூறு வருடப் பழமை கொண்ட எந்தச் சங்கமும், எந்த ஊரும், தன் வரலாற்றில் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் நினைவுகூர வேண்டும்.

இப்போது எங்கள் தொழிலுக்கு வருகிறோம். எங்கள் கிளினிக்குகளில் தினமும் இதைத்தான் காண்கிறோம். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், அம்மா தனியே பெரிய வீட்டில், துணைக்குச் சம்பளத்துக்கு ஒரு பெண். சலரோகம், பிரசர், கண்ணில் புரை. ரொறன்ரோவில் இருந்து மகள் தொலைபேசியில் வருவார். "டொக்டர், அம்மாவை உடனே கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்ய வேணும். காசு பிரச்சினை இல்லை." அம்மா தலையாட்டுவார். "பிள்ளையள் சொன்னபடி செய்யுங்கோ."

பிறகு தொலைபேசியை வைத்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்போம். முதலில் பதில் வராது. அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டு எத்தனை வருடமோ. பிறகு மெல்லச் சொல்வார்: "நல்லூர்க் கொடியேற்றம் வருகுதல்லே பிள்ளை. இருபத்தைந்து நாளும் முடியட்டும். இஞ்சையே செய்யலாமெண்டால் இஞ்சையே செய்யுங்கோ."

மகள் கெட்டவர் அல்ல. அம்மாவுக்கு மிகச் சிறந்தது கிடைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அதில் அன்பும் இருக்கிறது, தூரத்தில் இருப்பதன் குற்ற உணர்வும் இருக்கிறது. அம்மாவின் மௌனத்திலும் அன்பு இருக்கிறது. இருவரும் ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, இருவருக்கும் விருப்பமில்லாத ஒரு முடிவுக்கு வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் எங்களால் கொடுக்கக்கூடிய மருந்து, கேட்க வேண்டியவரிடம் கேட்பதுதான். பல குடும்பங்களில் அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்திருக்கிறது.

வைத்தியர்களாக இதைத் தினமும் செய்த நாங்கள், எங்கள் வகுப்புக்குள் அதைச் செய்ய மறந்துவிட்டோம். இந்த நூற்றாண்டுக்கு எங்கள் வகுப்பு என்ன கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது அது தெரிந்தது. யாழ்ப்பாணம், கொழும்பு, லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று எல்லோரும் இருக்கும் வைபர் குழுவில் நாங்கள் கிட்டத்தட்ட ஒரு வருடம் சண்டை பிடித்தோம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வரவேற்பு வளைவு கட்ட விருப்பம். அதில் எங்கள் எல்லோருடைய பெயர்களும் கருங்கல்லில் இருக்க வேண்டும் என்றார்கள். படம்கூட வரைந்தாயிற்று.

அப்போது குழுவில் அதிகம் பேசாத ஒருத்தி ஒரு வரி எழுதினாள்: "பிள்ளையளைக் கேட்டனீங்களே?"

அவள்தான் எங்கள் வாங்கில் ஆறாவதாக இருந்தவள். இன்று ஒரு கிராமப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியை.

நாங்கள் கேட்கவில்லை. பிறகுதான் வந்து கேட்டோம். முன்வரிசையில் இருக்கும் உங்களில் சிலர் அன்று பதில் சொன்னீர்கள். தூர இடங்களில் இருந்து வருபவர்களுக்குப் பின்னேர பஸ் வரும்வரை இருக்க இடமில்லை என்றீர்கள். பள்ளி விட்ட பிறகு இருந்து படிக்க வெளிச்சமான ஒரு அறை வேண்டும், மாதவிடாய் நாட்களில் பயன்படுத்தத் தண்ணீர் வசதியோடு கதவு பூட்டக்கூடிய கழிப்பறை வேண்டும் என்றீர்கள். வளைவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

வளைவு கேட்ட எங்கள் தோழிகளுக்கு நியாயம் செய்யாமல் இதை முடிக்கக் கூடாது. அவர்களில் ஒருத்தியின் வீடு வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. 1990இல் விட்டு வந்த வீடு. பல வருடங்களின் பின் காணியைப் பார்க்கப் போனபோது அங்கே கிணறுதான் மிச்சம். "எனக்கு யாழ்ப்பாணத்தில இனி வீடு இல்லை. என்ர பேர் ஒரு சுவரில எண்டாலும் இருக்கட்டுமே" என்று அவள் எழுதியபோது எங்களில் பலரால் பதில் எழுத முடியவில்லை. பெருமைக்காகக் கேட்கிறாள் என்று நாங்கள் எடுத்துக்கொண்டது, உண்மையில் ஊர் இழந்தவள் ஒரு முகவரி கேட்டதுதான். அவளிடமும் நாங்கள் முன்னரே கேட்டிருக்க வேண்டும்.

கடைசியில் வாசிப்பு அறையும் கழிப்பறைகளும் என்று முடிவானது. வாசிப்பு அறையின் உட்சுவரில், பிள்ளைகள் இருந்து படிக்கும் உயரத்தில், எங்கள் பெயர்கள் இருக்கின்றன. பெயருக்குப் பக்கத்தில் அவரவர் பிறந்த ஊரின் பெயரும் இருக்கிறது. பட்டமோ, தொழிலோ, கொடுத்த தொகையோ இல்லை. எல்லோருக்கும் திருப்தி என்று பொய் சொல்ல மாட்டோம். அந்தச் சண்டையில் குழுவை விட்டுப் போன இருவர் இன்னும் திரும்பவில்லை. இந்த மலர் அவர்கள் கைக்குக் கிடைத்தால், உங்கள் பெயர்களும் சுவரில் இருக்கின்றன என்பதை இதன் வழியாகத் தெரிவிக்கிறோம்.

கொப்பி விடயத்தையும் அவளிடம் சொன்னோம். இந்த உரையில் சொல்ல அனுமதி கேட்டபோதுதான் சொன்னோம். முப்பது வருடம் பிந்திவிட்டது. அவள் சிரித்தாள். "கொப்பி உங்கட பையுக்குள்ள இருந்தது எனக்கு அண்டைக்கே தெரியுமடி" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. "கொப்பி தராதது பெரிய விசயமில்லை. பொய் சொன்னதுதான். அதுக்குப் பிறகு உங்களோட இருந்து சாப்பிட எனக்கு மனம் வரேல்லை" என்றாள். அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது. உயர்தரத்தின் கடைசி மாதங்களில் அவள் இடைவேளைக்கு வெளியே, மரத்தடியில் தனியே இருந்தாள். படிக்கப் போகிறாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அன்பான மாணவிகளே, நீங்கள் பெரிதாக விரும்புங்கள். வைத்தியராக, பொறியியலாளராக, ஓவியராக, விவசாயியாக, எதுவாக வேண்டுமானாலும் வர ஆசைப்படுங்கள். அந்த ஆசை உங்களுடையதா, வீட்டாருடையதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அதற்கான விலையை உங்கள் வாங்கில் இருக்கும் யாராவது கட்டுகிறாளா என்றும் திரும்பிப் பாருங்கள். கொப்பி கொடுக்க மனமில்லாவிட்டால் "தர மனமில்லை" என்று சொல்லுங்கள். அது கோபத்தைத் தரும், ஆனால் கோபம் ஆறிவிடும். இல்லை என்று பொய் சொன்னால் ஒருத்தி மரத்தடிக்குப் போய்விடுவாள்.

வாசிப்பு அறையில் ஒரு அலுமாரி இருக்கிறது. அதன் முதல் தட்டில் பழைய கொப்பி ஒன்று, மட்டை கிழிந்து, மண்ணெண்ணெய்க் கறையோடு இருக்கிறது. விலங்கியல் குறிப்பு. பாடத்திட்டம் மாறிவிட்டது, அதனால் பரீட்சைக்கு உதவாது. அலுமாரிக்குப் பூட்டு இல்லை. உங்கள் குறிப்புகளையும் அதில் வைத்துவிட்டுப் போங்கள்.